நால்வருக்கு ஒரு பென்னி

ஒரு பாடற்குழு உலகெங்கும் புகழ் பெற்றால் என்ன நிகழும்? அக்குழுவினர் செல்வராவர், இளைஞர் அவர்களைப் போல முடி வளர்ப்பர், பெற்றோர் கடிந்துகொள்வர், சில ஆண்டுகள் சென்றபின் வேறொரு குழு தோன்றும். பெரும்பாலும் நாம் எண்ணிப் பார்ப்பது இவ்வளவே. ஆயினும் புகழ் ஓர் எல்லையைக் கடந்துவிடுமாயின், அது பாடுவோரின் வாழ்வோடு நின்றுவிடுவதில்லை. பாட்டைப் பதிவு செய்யும் கூடம், அதை விற்கும் வாணிகம், அதன் உரிமை பற்றிய ஒப்பந்தம், கேட்போரின் பழக்கம் ஆகிய அனைத்தையும் அது மாற்றி அமைக்கின்றது. இதற்கு இருபதாம் நூற்றாண்டு தரும் மிகத் தெளிவான சான்று, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் தோன்றிய ‘பீட்டில்ஸ்’ என்னும் நால்வர் குழுவாகும்.

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில், இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் முக்கால் மணி நேர ஓய்வில், பழைய ஒலிநாடாப் பெட்டி ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் அமர்ந்து இவர்களுடைய பாடல்களைக் கேட்டதுண்டு. குழு பிரிந்து அப்போதே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எமக்குக் கிரகோரியன் இசை கற்பித்த முதிய குரு அவ்வழியே செல்கையில் ஒருநாள் நின்றார். இரண்டு குரல்கள் இணைந்து செல்லும் இடத்தை மட்டும் தலையசைத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அன்று நாம் பாட்டைக் கேட்டதோடு நின்றோம். அப்பாட்டின் பின்னால் நிகழ்ந்த வாணிகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தது பின்னாளில், பங்குப் பணியில் இளைஞரோடு பழகத் தொடங்கிய பிறகே. அதன் காரணத்தை உரிய இடத்தில் கூறுவோம்.

ஆலய விழாவில் ஒரு சந்திப்பு

1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், லிவர்பூலின் புறநகரான வூல்டனில் உள்ள புனித பேதுரு ஆலயத்தில் கோடை விழா நடைபெற்றது. அது ஆங்கிலிக்கன் சபையின் ஆலயம். அவ்விழாவில் பாட வந்த இளைஞர் குழுவின் தலைவன் பதினாறு வயது ஜான் லெனன். வேடிக்கை பார்க்க வந்தவன் பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி. ஆலய மண்டபத்தில் இருவரும் அறிமுகமாயினர். பங்கு விழாக்களில் இளைஞர் கிதார் மீட்டுவதைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மில் சிலர் உண்டு. அவர்கள் இந்த நாளை நினைவில் கொள்வது நல்லது.

விரைவில் ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டார் முரசு வாசிக்க வந்து சேர்ந்தார். இவர்களுள் எவரும் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். ஜானின் தந்தை கப்பல் தொழிலாளி. பாலின் தந்தை பஞ்சு விற்பனையாளர். ஜார்ஜின் தந்தை பேருந்து ஓட்டுநர். பாலும் ஜார்ஜும் கத்தோலிக்கத் தாய்மாருக்குப் பிறந்து, கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர்கள். நால்வருள் ஒருவருக்கும் இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவு இரவாகப் பல மணி நேரம் வாசித்ததே இவர்கள் பெற்ற பயிற்சி.

1962ஆம் ஆண்டின் முதல் நாளில், லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தார் இவர்களைப் பாட வைத்துக் கேட்டனர், கேட்டபின் வேண்டாமென்றனர். வேறு சில நிறுவனங்களும் மறுத்தன. இறுதியில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் சிறிய பிரிவான பார்லோஃபோனில் பணியாற்றிய ஜார்ஜ் மார்ட்டின் இவர்களை ஏற்றுக்கொண்டார்.

பாட்டு எவருடைய வேலை?

இவர்கள் விளைத்த மாற்றத்தை உணர, அதற்கு முன் இருந்த ஒழுங்கை அறிதல் வேண்டும். அந்நாளைய மேலைநாட்டு இசை வாணிகத்தில் வேலைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன. பாட்டெழுதுவோர் லண்டனின் டென்மார்க் தெருவிலும் நியூயார்க் நகரின் பிரில் கட்டடத்திலும் அமர்ந்து எழுதினர். பதிப்பாளர் அதை விற்றார். நிறுவனத்தின் அலுவலர் எந்தப் பாட்டை எந்தப் பாடகர் பாடுவது என்று முடிவு செய்தார். பாடகர் வந்து, நின்று, பாடிச் சென்றார். தச்சன் ஒருவன், கொல்லன் ஒருவன், கொத்தன் ஒருவன் எனக் கூடி வீடு கட்டுவது போன்றது அது.

தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடியோர் முன்பும் இருந்தனர். அமெரிக்காவின் சக் பெரியும் பட்டி ஹாலியும் அத்தகையோரே. ஆனால் அதை வழக்கமாக்கியது இந்நால்வரின் வெற்றி. 1963இல் வந்த முதல் எல்.பி. தட்டின் பதினான்கு பாடல்களில் எட்டு, லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. 1964ஆம் ஆண்டின் மூன்றாம் தட்டில் பதின்மூன்றும் அவர்களுடையனவே. அதன்பின், தம் பாட்டைத் தாமே எழுதாத குழுவை நிறுவனத்தார் குறைவாக மதிக்கத் தொடங்கினர். இளைஞர்க்கு இது ஒரு விடுதலை. பிறர்க்கு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்க்கோ, வேலை குறைந்த காலம். ஒருவர் வெற்றி திறக்கும் கதவுக்குப் பின்னால் வேறொரு கதவு மெல்லச் சாத்தப்படுவதை நாம் காணாமல் போவதுண்டு.

நிறுவனங்களின் போக்கும் மாறிற்று. மறுத்த அதே டெக்கா, 1963இல் ஜார்ஜ் ஹாரிசனின் சொல்லைக் கேட்டு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவை விரைந்து ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் இ.எம்.ஐ.யின் சொந்தக் கிளையான கேபிடல் நிறுவனமோ, 1963ஆம் ஆண்டின் பெரும்பகுதி இவர்களுடைய தட்டுகளை வெளியிட மறுத்தே வந்தது. பிரிட்டனின் பாடகர் அமெரிக்காவில் விலை போகார் என்பது அந்நாளைய கணக்கு. 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர்கள் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் கண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாளின் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் இவர்களுடைய பாடல்களுக்கே. அதுமுதல் பிரிட்டன் குழுக்கள் பல கடல் கடந்தன.

பத்து மணியும் ஐந்து மாதமும்

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று, லண்டனின் அப்பி ரோடு தெருவிலுள்ள இ.எம்.ஐ. கூடத்தில், ஒரே நாளில் பத்துப் பாடல்கள் பதிவாயின. கூடம் அந்நாளில் ஓர் அலுவலகம் போலவே இயங்கிற்று. மூன்று மூன்று மணி நேரப் பகுதிகள்; வெண்ணிற மேலங்கி அணிந்த பணியாளர்; குறித்த நேரத்தில் தொடங்கி முடிக்கும் ஒழுங்கு.

நான்கு ஆண்டுகளுக்குள் அந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 1967இல் வெளிவந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டின் பதிவு, முந்தைய ஆண்டு நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீண்டது. இரவெல்லாம் கூடம் இவர்களுக்கே திறந்திருந்தது. இருந்ததோ நான்கு தட ஒலிநாடாக் கருவி. ஒரு நாடாவில் பதித்ததை மற்றொன்றின் ஒரு தடத்தில் சுருக்கி ஏற்றி, மிஞ்சிய தடங்களில் மேலும் பதித்தனர். ஒரே பாட்டைக் குரல் தடிக்கும்படி இருமுறை பாட லெனன் சலித்துக்கொண்டதால், கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் ஒரு குரலையே இரண்டாக ஒலிக்கச் செய்யும் முறையைக் கண்டார். தலைமை ஒலிப்பதிவுப் பணியை ஏற்றபோது ஜெஃப் எமெரிக்குக்கு வயது இருபது.

இதன்பின் ஒலிப்பதிவுக்கூடம் இசைக்கருவிகளுள் ஒன்றாகவே ஆயிற்று. அத்தட்டின் பின்னட்டையில் பாடல் வரிகள் முழுதும் அச்சாகியிருந்தன. தட்டை ஒரு நூலைப் போல் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் அதனால் பரவிற்று. 1960களின் இறுதிக்குள் பிரிட்டனில் எல்.பி. தட்டுகளின் விற்பனை சிறு தட்டுகளின் விற்பனையை மிஞ்சியது.

தயாரிப்பாளரின் நிலையையும் குறிப்பிடல் வேண்டும். ஜார்ஜ் மார்ட்டின் இ.எம்.ஐ.யின் மாதச் சம்பளக்காரர்; கோடிக்கணக்கில் விற்ற தட்டுகளின் ஆதாயத்தில் அவருக்குப் பங்கு இல்லை. 1965இல் அவர் நண்பர் சிலருடன் விலகித் தம் சொந்த நிறுவனம் தொடங்கி, அதே குழுவுக்குத் தனித் தயாரிப்பாளராகத் திரும்பி வந்தார். தனித் தயாரிப்பாளர் முறை வலுப்பெற இது ஒரு பெருங்காரணம்.

கேளாத கூட்டம்

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் கூடினர். பாடற்குழு ஒன்று விளையாட்டரங்கை நிரப்பி வாணிகம் செய்ய இயலும் என்பது அன்று மெய்யாயிற்று. ஆனால் அரங்கில் இருந்தவை பந்தாட்ட அறிவிப்புக்கான ஒலிபெருக்கிகளே. கூட்டத்தின் கூச்சலில் பாட்டு எவருக்கும் கேட்கவில்லை. பாடியவர்க்கே தம் குரல் கேட்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பாடியதோடு கட்டண நிகழ்ச்சிகளை இவர்கள் நிறுத்திவிட்டனர். கேட்க வந்தவர் கேளாமலே சென்றனர் என்பதைப் போன்ற வருத்தம் ஒரு பாடகனுக்கு வேறில்லை. ஞாயிறு தோறும் மறையுரை ஆற்றும் எமக்கு அது நன்கு விளங்கும்!

புகழை நன்மைக்குப் பயன்படுத்திய செயல் ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தினால் பாட மாட்டோம் என்றனர். பிரிக்காமல் அமர்த்திய பின்னரே பாடினர். 1965ஆம் ஆண்டின் ஒப்பந்தப் படிவத்தில் இது ஒரு விதியாகவே எழுதப்பட்டது. ஓர் ஒப்பந்தத்தில் எழுதும் ஒரு வரி எவ்வளவு செய்யும் என்பதற்கு இது சான்று.

1966ஆம் ஆண்டு மார்ச்சில் லெனன் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், தம் குழு இயேசுவைவிட மக்களிடம் செல்வாக்குப் பெற்றுவிட்டதென்னும் பொருள்படச் சொன்னதை நம் வாசகர் பலர் அறிந்திருப்பர். அமெரிக்காவில் தட்டுகளை எரித்தனர். ஆகஸ்டில் சிகாகோ நகரில் லெனன் விளக்கம் தந்து வருத்தமும் தெரிவித்தார். 2008இல் வத்திக்கான் நாளிதழான லொஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ அச்சொல்லை, எதிர்பாராப் புகழில் சிக்கிய இளைஞனின் வீம்புப் பேச்சாகவே கொண்டது. எமக்கும் அதுவே சரியெனப் படுகின்றது. இருபத்தைந்து வயதில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டவன் அளந்து பேசுவது அரிது.

ஒரு பென்னியின் கணக்கு

இனி, நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் உட்பொருளுக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு இ.எம்.ஐ.யுடன் செய்த ஒப்பந்தப்படி, ஒரு சிறு தட்டு விற்றால் குழுவுக்குக் கிடைப்பது ஒரு பென்னி. அன்று ஒரு தட்டின் விலை ஆறு ஷில்லிங்குக்கு மேல். அதாவது 72 பென்னிக்கு மேல். அந்த ஒரு பென்னியை நால்வர் பகிர வேண்டும். மேலாளர் பிரையன் எப்ஸ்டைனின் பங்கும் அதிலேயே கழியும்.

பாட்டின் பதிப்புரிமைக்கென 1963இல் ‘நார்தர்ன் சாங்ஸ்’ என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் பதிப்பாளர் டிக் ஜேம்ஸுக்கும் அவர் கூட்டாளிக்கும் பாதி. எழுதிய லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் ஆளுக்கு 20 விழுக்காடு. எஞ்சிய 10 எப்ஸ்டைனின் நிறுவனத்துக்கு. என்ன கையெழுத்திடுகிறோம் என்பதை முழுதும் அறியாமலே கையெழுத்திட்டதாக மெக்கார்ட்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார். குழுவின் பெயரில் பொம்மை, பொய்முடி, சட்டை விற்கும் உரிமையைப் பெற்ற நிறுவனத்தார், முதல் ஒப்பந்தப்படி வருவாயில் 90 விழுக்காட்டைத் தாமே வைத்துக்கொண்டனர்.

1967ஆம் ஆண்டு ஆகஸ்டில் எப்ஸ்டைன் இறந்தார். 1969இல் டிக் ஜேம்ஸ் தம் பங்குகளை, எழுதியவர்க்கு முதல் வாய்ப்பு அளிக்காமலே, ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1985இல் அந்த உரிமைகள் அனைத்தையும் மைக்கேல் ஜாக்சன் 4 கோடியே 75 இலட்சம் டாலருக்கு வாங்கினார். பாட்டின் உரிமையில் எவ்வளவு பொருள் உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவரே மெக்கார்ட்னிதான்! 1995இல் அவை சோனியோடு இணைந்தன. 2017இல் மெக்கார்ட்னி அமெரிக்கச் சட்டம் 56 ஆண்டுகளுக்குப்பின் அளிக்கும் மீட்புரிமையை நாடி வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே இரு தரப்பும் தம்முள் உடன்பட்டுத் தீர்த்துக்கொண்டன. இருபது வயதில் இட்ட கையெழுத்தை அவிழ்க்க எழுபத்து நான்கு வயதில் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

இவர்களுக்கு நேர்ந்ததைக் கண்டு, பின்வந்த பாடகர் பலர் தம் பதிப்புரிமையைத் தாமே வைத்துக்கொள்ளப் போராடினர். தம் பாட்டுக்குத் தாமே உரியவர் என்னும் உணர்வு தொழிலில் வேரூன்றியதும் இக்குழுவின் வரலாறு விட்டுச்சென்ற விளைவே எனலாம்.

ஓசையற்ற மூன்று நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன், எமது பங்கு உபதேசியாரின் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். கீபோர்டு வாசிப்பவன், பத்துப் பக்திப் பாடல்களுக்குத் தானே சொல்லும் இசையும் அமைத்திருந்தான். பாடல் வெளியிடும் நிறுவனம் ஒன்று பதினைந்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது.

“சாமி, இதில் கையெழுத்துப் போடலாமா?”

“தம்பி, இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும் என்று எழுதியிருக்கிறதே, பார்த்தாயா?”

“பார்த்தேன் சாமி. அக்கா கல்யாணக் கடன் இருக்கிறதே.”

அதற்குமேல் எம்மால் என்ன சொல்ல இயலும்? சொந்தக் கோவிலில் பாடும் உரிமையையாவது தனியே எழுதித் தரும்படி கேள் என்றோம். கேட்டான். எல்லோர்க்கும் இதே படிவந்தான் என்று விடை வந்தது. கையெழுத்திட்டான். கடனில் ஒரு பகுதி அடைந்தது.

இரண்டாண்டு சென்று, எமது பங்குத் திருவிழாக் கொடியேற்றத்தன்று அப்பாடல்களில் ஒன்றை அவனே பாடினான். நிகழ்ச்சியின் பதிவை இளைஞர் யூடியூபில் ஏற்றினர். மறுநாள் பார்த்தால், அப்பாடல் வரும் மூன்று நிமிடம் ஓசையற்றுக் கிடந்தது. அதன் உரிமை வேறொருவருடையது என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. படத்தில் அவன் வாய் திறந்து பாடுகிறான், குரல் இல்லை. அவன் தந்தையோ கைப்பேசி பழுதென்று எண்ணி, ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின்னரே நாம் லிவர்பூல் நால்வரின் கணக்கைத் தேடிப் படித்தோம். நம் நாட்டுச் சட்டத்தையும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்த திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் ஒரு காவல் தந்துள்ளது. ஒலிப்பதிவில் இடம்பெற்ற தம் படைப்பின் உரிமையை ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டாலும், அதன் பயன்பாட்டால் வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க இயலாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிடில் ஐந்தாண்டு எனவும், இடம் குறிப்பிடாவிடில் இந்தியா மட்டும் எனவும் சட்டம் கொள்கின்றது. அவ்விளைஞன் இதைச் சுட்டி நிறுவனத்துக்கு மடல் எழுதியுள்ளான். மடல் கிடைத்ததென்று பதில் வந்தது. பங்கு இன்னும் வரவில்லை. அவனும் விடுவதாக இல்லை.

2023ஆம் ஆண்டு நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் பெயரால் ஒரு புதிய பாடல் வெளிவந்தது. 1980இல் கொலையுண்ட லெனன், வீட்டில் பியானோவோடு பாடிப் பதித்து வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து, அவர் குரலை மட்டும் கணினி பிரித்தெடுத்தது. 2001இல் மறைந்த ஹாரிசனின் கிதார் ஒலியும் பழைய பதிவிலிருந்து சேர்ந்தது. இறந்தவர் குரலும் விலைபொருளாகும் காலத்தில் நம் பிள்ளைகள் பாட வருகின்றனர். எனவே, பெற்றோரே, உங்கள் வீட்டில் பாடும் பிள்ளை இருந்தால் பாட விடுங்கள்; கிதாரைப் பறிக்க வேண்டாம். எவரேனும் தாளை நீட்டினால் அன்றே கையெழுத்திட விடாதீர்கள். ஓரிரவு வீட்டில் வைத்திருந்து, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எமது பங்கில் படிக்கத் துணை வேண்டுவோர்க்கு, சனிக்கிழமை மாலையில் பங்கு இல்லத்தின் கதவு திறந்திருக்கும்.